கண்ணின் மஞ்சள் பொட்டுக்குக் கருவிலேயே தொடங்கும் கீரைக் கணக்கு

கண்ணுக்கு எது நல்லது என்று கேட்டால் கேரட் என்றுதான் முதலில் பதில் வரும். தவறில்லை. ஆனால் கேரட் செய்யும் வேலை ஒன்று, விழித்திரையின் நடுவே நடக்கும் வேலை இன்னொன்று. கேரட்டின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் குடலில் வைட்டமின் ஏ ஆக மாறி, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரோடாப்சின் என்ற பொருளுக்கு மூலமாகிறது. நாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதும், முகம் பார்த்து ஆளை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் விழித்திரையின் மையமான மாக்குலாவால். அங்கே பீட்டா கரோட்டினைத் தேடினால் கிடைக்காது. அங்கே மஞ்சளாகப் படிந்திருப்பவை லூட்டின், சியாசாந்தின், மீசோ-சியாசாந்தின் என்ற மூன்று நிறமிகள். 100 கிராம் கேரட்டில் பீட்டா கரோட்டின் சுமார் 8 மில்லிகிராம் இருக்கிறது. லூட்டின் கால் மில்லிகிராம்தான். லூட்டின் நிறைய இருப்பது கரும்பச்சைக் கீரையில். பச்சையத்தின் நிறம் தூக்கலாக இருப்பதால் அடியில் இருக்கும் மஞ்சள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த மஞ்சள் பொட்டை 1782இல் மிலானில் புஸ்ஸி என்ற மருத்துவர் முதலில் குறித்துவைத்தார். 1791இல் ஜெர்மனியின் சோமரிங் தனியாகக் கண்டார். அது என்ன பொருள் என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று. இலைகளில் உள்ள சாந்தோஃபில் வகை நிறமி என்று 1945இல் ஜார்ஜ் வால்ட் காட்டினார். அது லூட்டினும் சியாசாந்தினும் என்று 1985இல்தான் அமெரிக்காவின் புளோரிடாவில் போன், லாண்ட்ரம் குழுவினர் பிரித்துச் சொன்னார்கள்.

உடல் இந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கும் விதம் கவனிக்கத்தக்கது. இயற்கையில் கரோட்டினாய்டு நிறமிகள் எழுநூறுக்கும் மேல். அவற்றில் சுமார் ஐம்பது நம் சாப்பாட்டில் வருகின்றன. ரத்தத்தில் பதினைந்து, இருபது தென்படுகின்றன. மாக்குலாவுக்குள் நுழைவது மூன்றே. சியாசாந்தினைப் பிடித்து வைக்க ஒரு புரதமும் லூட்டினைப் பிடித்து வைக்க வேறொரு புரதமும் விழித்திரையில் இருக்கின்றன. மூன்றாவதான மீசோ-சியாசாந்தின் உணவில் கிட்டத்தட்ட இல்லை. வந்து சேர்ந்த லூட்டினை மாற்றியே கண் அதைத் தயாரித்துக்கொள்கிறது. லூட்டினையும் சியாசாந்தினையும் மனித உடலால் உண்டாக்க முடியாது. சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1980இல் வெளியான மாலினோவின் குரங்கு ஆய்வு இதை ஐயமில்லாமல் காட்டியது: சாந்தோஃபில் இல்லாத தீனியிலேயே வளர்த்த ரீசஸ் குரங்குகளுக்கு மாக்குலாவில் மஞ்சளே இல்லை.

நிறமி படிவது ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால் உள்ள இழைப்படலத்தில். வெளிச்சம் அதைக் கடந்துதான் கூம்புச் செல்களைத் தொடும். சுமார் 460 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீல ஒளியில், அது மிக அதிகமாக உறிஞ்சுகிறது. கண்ணுக்குள்ளேயே பொருத்திய கூலிங் கிளாஸ் என்று சொல்லலாம். கூடவே, ஆக்சிஜனும் ஒளியும் எளிதில் கெடும் கொழுப்பும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் உண்டாகும் சேதத்தையும் தணிக்கிறது. உடலில் ஆக்சிஜனை மிக வேகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று.

பெரும்பாலும் இந்தப் பேச்சு அறுபது வயதில், மாக்குலா தேய்ந்த பிறகுதான் எழுகிறது. உண்மையில் கணக்கு தொடங்குவது கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தை ஒட்டி. சுமார் 20 வாரக் கருவின் விழித்திரையிலேயே லூட்டினும் சியாசாந்தினும் அளக்கும் அளவில் இருப்பதை 1988இல் போனும் குழுவினரும் பதிவு செய்தனர். கூடவே இன்னொன்றையும் பார்த்தார்கள். வளர்ந்தவர்களின் மாக்குலா நடுவில் சியாசாந்தின் முந்தும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதே இடத்தில் லூட்டின்தான் மேலோங்கியிருந்தது. சிசுவின் மூளையிலும் இதே சாய்வு: உணவில் வரும் கரோட்டினாய்டுகளில் லூட்டின் சிறு பங்கே ஆனாலும், மூளைத் திசுவில் சேர்ந்திருப்பதில் பாதிக்கு மேல் அதுதான்.

தாயிடமிருந்து கருவுக்கு இது நஞ்சுக்கொடி வழியே, கொழுப்புப் புரதத் துகள்களில் ஏறிப் போகிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் மொத்தக் கரோட்டினாய்டு தாயின் ரத்தத்தைவிட மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த அளவுக்குள் லூட்டின், சியாசாந்தினின் விகிதம் தாயிடம் இருப்பதைவிடக் கூடுதல். பரிமாற்றத்தின் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில் நடக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்தக் காலமே பறிபோகிறது. அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோரிடம் மாக்குலா நிறமி கருவிக்குத் தென்படும் அளவுக்குக்கூட இல்லை என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் பெர்ன்ஸ்டைன் குழு கண்டது.

அதே குழு பின்னர் கர்ப்பிணிகளிடம் ஒரு சோதனை நடத்தியது. ஒரு சாராருக்கு வழக்கமான கர்ப்பகால வைட்டமினோடு நாளுக்கு 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும். மறு சாராருக்கு வழக்கமான வைட்டமின் மட்டும். மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்திலும் தோலிலும் இருப்பு உயர்ந்தது. பிறந்த குழந்தைகளின் மாக்குலா நிறமியும் மற்றவர்களின் குழந்தைகளைவிடக் கூடியிருந்தது. சிங்கப்பூரில் சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைப் பின்தொடர்ந்து வரும் கஸ்டோ ஆய்வில் இன்னொரு முடிவு வந்தது: பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் இவ்விரண்டும் கூடுதலாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு மூன்று வயதில் பார்வைக் கூர்மை குறைந்திருக்கும் வாய்ப்பு குறைவு.

இதை வைத்து எவ்வளவு சொல்லலாம்? தாய் சாப்பிடுவது குழந்தையின் கண்ணுக்குப் போய்ச் சேருகிறது என்பது உறுதி. அதனால் பிள்ளையின் பார்வை பிற்காலத்தில் இத்தனை மடங்கு மேம்படும் என்று சொல்லச் சான்று போதாது. சிங்கப்பூர் ஆய்வு இணைப்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. கீரை சாப்பிடும் தாய் வேறு பல நல்ல உணவுகளையும் சாப்பிட்டிருக்கக்கூடும். ஆகவே எல்லாக் கர்ப்பிணிகளும் லூட்டின் மாத்திரை வாங்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது ஆதாரத்தைத் தாண்டிய அவசரம். தினம் ஒரு கரண்டி கீரை என்று சொன்னால், அதோடு இரும்பும் ஃபோலேட்டும் சேர்ந்தே வருகின்றன. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் ஆசைக்கும் முடிவுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தது. லூட்டின் சொட்டு மருந்து கொடுத்தால் குறைப்பிரசவ விழித்திரை நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணத்தில் இத்தாலியில் சில சோதனைகள் நடந்தன. நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. அந்தக் குழந்தைகளைக் காப்பது உரிய நேரத்துப் பரிசோதனைதான். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் கீழ் எடையுள்ள குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரை பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பே பிறந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்துக்குள். இந்த நாளைத் தவறவிட்டுவிட்டுச் சொட்டு மருந்தைத் தேடுவதில் பயனில்லை.

பிறந்த பிறகு அடுத்த வழி தாய்ப்பால். சீம்பால் மஞ்சளாக இருப்பதற்குக் கரோட்டினாய்டுகளே காரணம். முதல் சில நாட்களில் அவை மிக அதிகம், ஒரு மாதத்துக்குள் வெகுவாக இறங்கிவிடும். பால் முதிர முதிர மொத்த அளவு குறைந்தாலும் அதில் லூட்டினின் பங்கு கூடுகிறது. தாய் சாப்பிடும் அளவு பாலில் உடனே எதிரொலிக்கும்: பாலூட்டும் தாய்மாருக்கு நாளுக்கு 6, 12 மில்லிகிராம் என இரு அளவுகளில் ஆறு வாரம் லூட்டின் கொடுத்துப் பார்த்தபோது, அதற்கேற்பப் பாலிலும் குழந்தையின் ரத்தத்திலும் ஏறியது. புட்டிப்பால் மாவில் நெடுங்காலம் லூட்டின் சேர்க்கப்படவே இல்லை. இப்போது பல வகைகளில் சேர்க்கிறார்கள். ஆனால் தாய்ப்பாலில் உள்ளதுபோல அதிலிருந்து குழந்தையின் உடல் எடுத்துக்கொள்வதில்லை; தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் ரத்த அளவை எட்ட, மாவுப் பாலில் சுமார் நான்கு மடங்கு லூட்டின் தேவைப்பட்டது என்று ஓர் ஆய்வு கண்டது. டப்பாவின் மேல் லூட்டின் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை அந்த அளவோடு வாசிக்க வேண்டும்.

நம் வீடுகளில் வழி அடைபடுவது இந்த இடத்தில்தான். பிள்ளை பெற்றவளுக்குக் கீரை ஆகாது, குழந்தைக்கு மாந்தம் வரும் என்று பத்தியத்தில் மூன்று மாதம் வரை கீரையை நிறுத்திவிடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. சிலர் முட்டையையும் சேர்த்தே நிறுத்துகிறார்கள். பூண்டும் கருவாடும் பாலுக்கு நல்லது என்று தாராளமாகப் போகும். அவற்றில் லூட்டின் இல்லை. நன்றாக ஆய்ந்து, கழுவி, வேகவைத்த கீரையால் பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரக் காரணம் எதுவும் இல்லை. முருங்கைக் கீரையைப் பால் சுரக்கக் கொடுக்கும் வழக்கமும் இதே ஊர்களில் இருக்கிறது. பத்தியத்தை விட மனமில்லாத மாமியாரிடம் பேச்சைத் தொடங்க அதுவே நல்ல இடம்.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. கீரையை வேகவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் சோற்றில் பிசைந்து ஊட்டுவார்கள். சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது என்ற நம்பிக்கை. லூட்டின் தண்ணீரில் கரையாது; கொழுப்பில்தான் கரையும். வடிகட்டியில் தங்கிய சக்கைக்குள் மஞ்சள் அப்படியே இருக்க, குழந்தைக்குப் போவது உப்புச் சத்தும் கொஞ்சம் நிறமும். செய்ய வேண்டியது இதுதான்: காம்பையும் நரம்பையும் நீக்கிய இளம் இலை ஒரு கைப்பிடி எடுத்து, பொடியாக நறுக்கி, சிறிது தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் மூடி வேகவிட்டு, வெந்த தண்ணீரோடு சேர்த்தே நைய மசிக்க வேண்டும். குழைந்த பருப்பு சாதத்தில் இரண்டு மூன்று தேக்கரண்டி விழுது, அரைத் தேக்கரண்டி நெய். மத்தால் கடைந்தால் சின்னக் குழந்தைக்கு இழை தட்டும். மிக்ஸியில் ஒரு சுற்று போதும். அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்க்க வேண்டும். கீரை விழுதை வெளியே வைத்திருந்து மறுபடி சுடவைத்தால் அதிலுள்ள நைட்ரேட் நைட்ரைட்டாக மாறக்கூடும். ஆறு மாதத்துக்குக் கீழ் கீரை வேண்டாம் என்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

பெரியவர்கள் தட்டிலும் தேவை இதே இரண்டு: செல்சுவர் உடைய வேண்டும், கூடவே கொழுப்பு வேண்டும். லூட்டின் இலையின் பச்சையத் துகள்களுக்குள் புரதங்களோடு பின்னிக் கிடக்கிறது. நறுக்குவது, வேகவைப்பது, கடைவது எல்லாமே அதை விடுவிக்கும் வேலைகள். வேளைக்கு மூன்று முதல் ஐந்து கிராம் கொழுப்பு, அதாவது ஆளுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ இருந்தால் குடல் அதை எடுத்துக்கொள்ளும். கொழுப்பு என்றாலே பயந்து எண்ணெய் இல்லாமல் கீரை சாப்பிடுபவர்களுக்கு உள்ளே போனதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். நெய் உருக்கும்போது ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டுப் பொரிப்பது வாசனைக்காக என்றாலும், அந்த இலையை எடுத்து எறியாமல் தின்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

லூட்டினைக் கெடுப்பவை நீண்ட நேரச் சூடு, வெயில், காற்று. அரை மணி நேரம் கொதித்த கீரையிலும், எண்ணெயில் முறுகப் பொரித்ததிலும் இழப்பு அதிகம். ஆனால் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெந்த கீரை பழுப்புப் பச்சையாக மங்குவது பச்சையம் சிதைவதால். அந்த நேரத்தில் லூட்டின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முருங்கை இலைப் பொடி விஷயம் வேறு: மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் நிறமி ஒளியிலேயே அழிந்துபோகும். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்தி, வெளிச்சம் புகாத டப்பாவில் இறுக மூடி வைக்க வேண்டும். வைக்கோல் நிறத்துக்கு வெளுத்த பொடியில் கண்ணுக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

அளவுக்கு வருவோம். அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல்படி ஸ்பினாச் கீரை 100 கிராமில் லூட்டினும் சியாசாந்தினும் சேர்ந்து சுமார் 12 மில்லிகிராம். பச்சைப் பட்டாணியில் இரண்டரை. நம் முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, கறிவேப்பிலை எல்லாம் கரும்பச்சை வகைகள். இலையின் வயது, பறித்த பருவம் பொறுத்து அளவு ஏறி இறங்கும். ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்தால் நூறு, நூற்றைம்பது கிராம் தேறும். நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்று நான்கு மில்லிகிராம் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். லூட்டினுக்கென்று இந்தியாவில் அன்றாடத் தேவை எதுவும் வகுக்கப்படவில்லை. நாளுக்கு 6 மில்லிகிராம் என்று அடிக்கடி சொல்லப்படுவது 1994இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்த எண். கரோட்டினாய்டுகளை மிக அதிகம் உண்டவர்களுக்கு முற்றிய மாக்குலாத் தேய்வு 43 சதவீதம் குறைவாக இருந்ததை அது கண்டது.

முட்டை மஞ்சள் கருவில் அளவு சிறிது, ஒன்றுக்குச் சுமார் 0.2 மில்லிகிராம். ஆனால் அது கொழுப்பிலேயே கரைந்திருப்பதால் கீரையில் உள்ளதைவிட நன்றாக உடலில் சேர்கிறது. கொலஸ்ட்ராலுக்குப் பயந்து வெள்ளையை மட்டும் சாப்பிடுபவர்கள் இழப்பது இதைத்தான். சியாசாந்தின் கிடைப்பது அரிது: மஞ்சள் மக்காச்சோளம், ஆரஞ்சுக் குடைமிளகாய், மஞ்சள் கரு. வெள்ளை மக்காச்சோளத்தில் இல்லை.

இனி, லூட்டினோடு எப்போதும் குழப்பப்படும் வைட்டமின் ஏ. லூட்டின் எவ்வளவு உண்டாலும் வைட்டமின் ஏ ஆகாது. அதன் மூலக்கூறு அமைப்பு இடம் கொடுக்காது. மாலைக்கண், வெண்விழியில் நுரைபோல் படியும் பிடாட் புள்ளி, கருவிழி உருகுதல் இவற்றுக்கு மருந்து வைட்டமின் ஏ மட்டுமே. கீரையில் பீட்டா கரோட்டினும் இருப்பதால் இரண்டுக்கும் உதவுகிறது, ஆனால் மாற்று விகிதம் குறைவு: உணவில் வரும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் ரெட்டினால், அதாவது உடல் நேராகப் பயன்படுத்தும் வைட்டமின் ஏ. அதனால்தான் அரசுத் திட்டத்தில் ஒன்பதாம் மாதம் 1 லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் எனச் சொட்டு மருந்து, மொத்தம் ஒன்பது தவணை. இது கண்ணுக்கு மட்டுமானதல்ல என்பதை உலகுக்குக் காட்டியதில் திருச்சி மாவட்டத்துக்குப் பங்கு உண்டு. அங்கே சுமார் 15,000 குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறு அளவில் வைட்டமின் ஏ கொடுத்து நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. குழந்தை இறப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

கர்ப்பிணிகள் இதில் ஒன்றை மறக்கக் கூடாது. ரெட்டினால் வடிவில் நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போனால், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், கருவில் ஊனம் உண்டாக வாய்ப்பு இருக்கிறது. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையையும் அடிக்கடி ஈரல் வறுவலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கீரை, கேரட், பரங்கி, மாம்பழத்திலிருந்து வரும் பீட்டா கரோட்டினுக்கு இந்த ஆபத்து இல்லை. உடல் தேவைக்கு மேல் மாற்றுவதில்லை. மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும். தினமும் பரங்கியும் கேரட்டும் மசித்து ஊட்டப்படும் குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம். வெண்விழி வெள்ளையாகவே இருந்தால் அது காமாலை இல்லை, காய்கறியைக் குறைத்தால் போதும். வெண்விழியும் மஞ்சளானால் அன்றே மருத்துவமனை.

பள்ளிப் பருவத்தில் லூட்டினின் பெயரால் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை செல்போன் நீல ஒளி பயத்தின் மேல் நிற்கின்றன. திரையிலிருந்து வரும் நீல ஒளி பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். கண்ணாடியின் பவர் ஏறுவதை லூட்டின் தடுக்காது. கிட்டப்பார்வை தொடங்காமல் தடுக்க, நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் விளையாடுவதற்குச் சான்று இருக்கிறது.

முதுமையில் மாத்திரைக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் ஏரெட்ஸ் 2 ஆய்வு, 50 முதல் 85 வயது வரையிலான 4,203 பேரிடம் நடந்து, 2013இல் வெளியானது. அதற்கு முந்தைய ஏரெட்ஸ் ஆய்வில், மாக்குலாத் தேய்வு முற்றாமலிருக்கக் கொடுத்த மருந்தில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்றைக் கூட்டுகிறது என்று 1994இல் பின்லாந்து ஆய்வு காட்டியதால், அதற்குப் பதில் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும் பரிசோதிக்கப்பட்டன. பழைய மருந்தோடு கூடுதலாகச் சேர்த்ததில் ஒட்டுமொத்தமாகப் பெரிய பலன் இல்லை. பீட்டா கரோட்டினுக்கு மாற்றாக வைத்தபோது பலன் தெரிந்தது; உணவில் லூட்டின் மிகக் குறைவாக இருந்தவர்களிடம் நன்றாகவே தெரிந்தது. ஆகவே இன்றைய கலவையில் இவ்விரண்டோடு வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம், தாமிரம். இது மாக்குலாத் தேய்வு நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு, நோய் முற்றுவதைத் தள்ளிப்போட. நோயே இல்லாதவருக்கு வராமல் தடுக்கும் என்றோ, புரை வளர்வதை நிறுத்தும் என்றோ ஆய்வு சொல்லவில்லை. கடையில் அந்தப் பெயரில் விற்கும் பல டப்பாக்களில் துத்தநாகமும் வைட்டமினும் இந்த அளவில் இருப்பதில்லை. பின்பக்கத்து அட்டவணையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்த மாத்திரைகளின் லூட்டின் வருவது துலுக்கச் சாமந்தியிலிருந்து. கர்நாடகத்திலும் தமிழகத்தின் மேற்குப் பகுதிகளிலும் ஒப்பந்த முறையில் இதைப் பயிரிடுகிறார்கள். பூவைக் குழியில் நொதிக்கவைத்து, உலர்த்தி, குருணையாக்கி, ஹெக்சேன் கரைப்பானால் சாறெடுக்கிறார்கள். அதில் லூட்டின் கொழுப்பு அமிலங்களோடு பிணைந்த எஸ்டராக இருக்கும். காரத்தால் பிரித்தால் தனி லூட்டின் படிகம். எஸ்டர் வகை மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் பயன் மிகக் குறைவு, அதற்குக் கொழுப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். எந்த வகையானாலும் மதியச் சாப்பாட்டோடு எடுப்பதே சரி. கோழித் தீவனத்துக்கும் இதே சாறு நிறையப் போகிறது, மஞ்சள் கரு எடுப்பாகத் தெரிவதற்கு.

அளவு மீறினால்? பொதுவாகப் பாதுகாப்பான பொருள்தான். ஆனால் எட்டு ஆண்டுகள் தினம் 20 மில்லிகிராம் மாத்திரையோடு, லூட்டின் செறிந்த கீரைச் சாறும் குடித்துவந்த ஒரு மூதாட்டியின் மாக்குலாவில் மின்னும் படிகங்கள் இருந்ததை 2016இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். மாத்திரையை நிறுத்தி ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது வலது கண்ணில் படிகங்கள் கரைந்திருந்தன.